கடைசியில் வருபவனின் கணக்கு



'கிளஸ்டர் சர்வரில் செயல்திறன் புள்ளிவிவரங்களைக் கண்காணித்தல்' என்று அழைப்பிதழில் தலைப்புப் போட்டிருக்கிறார்கள். படிக்கும்போதே கொட்டாவி வருகிற தலைப்பு. அமைப்பாளர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்; நான் அதை ஒரே கேள்வியாகச் சுருக்கிக்கொள்கிறேன். நூறு மெஷின்கள் சேர்ந்து ஒரு வேலையைச் செய்கின்றன. அவற்றில் கடைசியாக முடிப்பது எது? ஏன் அது கடைசி? இந்தக் கேள்விக்கு விடை சொல்லாத புள்ளிவிவரம் எத்தனை வண்ணத்தில் மின்னினாலும் அதனால் பயனில்லை என்பது என் கட்சி. இன்று மாலை அந்தக் கட்சிக்காகத்தான் வாதாட வந்திருக்கிறேன்.

1994இல் அமெரிக்காவின் நாசா கோடார்ட் விண்வெளி மையத்தில் தாமஸ் ஸ்டெர்லிங், டொனால்ட் பெக்கர் என்ற இருவரும் கடையில் கிடைக்கிற 486 ப்ராசசர்கள் பதினாறை ஈதர்நெட் கம்பியால் இணைத்தார்கள். பியோவுல்ஃப் என்று பெயர் வைத்தார்கள். கோடிக்கணக்கில் விலை போன சூப்பர் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் ஏழைகளும் உட்காரலாம் என்று அன்றுதான் தெரிந்தது. பத்தே ஆண்டுகளில் அந்த அலை நம் ஊருக்கும் வந்தது. 2004இல் சென்னைத் தரமணியில், கணித அறிவியல் நிறுவனத்தில், 144 நோடுகள், அதாவது 144 தனித்தனி மெஷின்கள், கொண்ட 'கப்ரு' கிளஸ்டர் எழுந்தது. துகள் இயற்பியலின் கனமான கணக்குகளுக்காகக் கட்டியது. கப்ரு இமயமலையின் ஒரு சிகரம். தரமணியிலிருந்து இமயத்தைப் பார்த்த மனிதர்கள் நம்மிடையே இருந்தார்கள்.

மெஷின்களைச் சேர்த்துக் கட்டுவது ஒரு வித்தை. கட்டிய பிறகு அவை எப்படி ஓடுகின்றன என்று அறிவது வேறொரு வித்தை. இந்த இரண்டாவது வித்தைக்கு நான் படித்ததிலேயே சிறந்த பாடம் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், லாஸ் அலமோஸ் தேசிய ஆய்வகத்தில் நடந்தது. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்; அவசரமில்லை.

அந்த ஆய்வகத்தில் ஆஸ்கி கியூ என்று ஒரு ராட்சதக் கிளஸ்டர். ஒவ்வொன்றிலும் நான்கு ப்ராசசர் வைத்த ஆல்ஃபா சர்வர்கள் 2048. பெருக்கிப் பாருங்கள், 8192 ப்ராசசர். ஜப்பானின் எர்த் சிமுலேட்டருக்கு அடுத்தபடியாக, உலகின் இரண்டாவது வேகமான கணினி என்று பட்டியலில் நின்ற மெஷின். அணு ஆயுதங்களை வெடித்துப் பார்க்காமல் கணக்குப் போட்டே அறிந்துகொள்ளும் திட்டத்துக்காக வாங்கியது. அதில் சேஜ் என்ற நிரலை ஓட்டிப் பார்த்தார்கள். ஃபாப்ரிசியோ பெட்ரினி, டேரன் கெர்பைசன், ஸ்காட் பேக்கின் என்ற மூன்று ஆய்வாளர்கள். ஓட்டிப் பார்த்தவர்களுக்கு அதிர்ச்சி. 4096 ப்ராசசரில் ஓடும்போது, வர வேண்டிய நேரத்தைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆனது. வாங்கிய மெஷினில் பாதியைக் காணவில்லை!

இங்கே ஒரு நிமிடம் நிறுத்துகிறேன். 'வர வேண்டிய நேரம்' என்று சொன்னேனே, அது எப்படி அவர்களுக்குத் தெரிந்தது? அவர்கள் கையில் ஒரு கணித மாதிரி இருந்தது. இத்தனை ப்ராசசர், இந்த வேக நெட்வொர்க், இந்த நிரல் என்றால் இத்தனை வினாடி ஆக வேண்டும் என்று முன்கூட்டியே காகிதத்தில் எழுதி வைத்திருந்தார்கள். அந்தக் காகிதம் இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மெஷின் ஓடுகிறது, விடை வருகிறது, சிபியு நூறு சதவீதம், எல்லா விளக்கும் பச்சை. யாருக்கும் எதுவும் உறைத்திருக்காது. நம் அலுவலகங்களில் சுவர் முழுக்க டிவி மாட்டி டாஷ்போர்டு ஓடவிடுகிறோம். அதில் தெரிகிற எண் இன்று எவ்வளவாக இருக்க வேண்டும் என்று எத்தனை பேர் எழுதி வைத்திருக்கிறோம்? எதிர்பார்ப்பு இல்லாதவனுக்கு எண் என்ன சொல்லும்?

சரி, காணாமல் போன பாதியைத் தேடினார்கள். முதலில் ஒரு விசித்திரம் கண்ணில் பட்டது. ஒரு நோடில் இருக்கும் நான்கு ப்ராசசரில் ஒன்றைச் சும்மா விட்டுவிட்டு மூன்றை மட்டும் வேலை வாங்கினால், நோடுகளின் எண்ணிக்கை பெருகப் பெருக, நான்கையும் ஓட்டுவதைவிட வேகமாக முடிந்தது. நான்கு பேர் செய்ய வேண்டியதை மூன்று பேர் சீக்கிரம் முடிக்கிறார்கள். இது என்ன கணக்கு?

அடுத்து, எல்லா ப்ராசசரும் தத்தம் விடையைக் கொண்டுவந்து ஒன்றாகக் கூட்டும் கட்டம் ஒன்று உண்டு. நேரம் அங்கேதான் போகிறது என்று அளவைகள் காட்டின. அந்தக் கட்டத்தைச் செப்பனிட்டு ஏழு மடங்கு வேகமாக்கினார்கள். ஏழு மடங்கு! சேஜ் ஓடும் நேரம் குறைந்ததா? குறிப்பிட்டுச் சொல்லும்படி இல்லை. புள்ளிவிவரம் கைகாட்டிய இடத்தில் குற்றவாளி இல்லை. நேரம் அங்கே செலவானது உண்மைதான். ஆனால் அங்கே நடந்தது வேலை அல்ல, காத்திருப்பு.

யாருக்காகக் காத்திருந்தார்கள்?

நம் கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வரிசையில் நூறு இலை. எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகுதான் எழுந்திருக்க வேண்டும் என்று கண்டிப்பான பெரியவர் ஒருவர் நிற்கிறார். அடுத்த பந்தி அதன் பிறகுதான். நூறு பேரில் ஒருவருக்குப் போன் வருகிறது. இடக்கையால் எடுத்து ஐந்து நிமிடம் பேசுகிறார். மற்ற தொண்ணூற்றொன்பது பேரும் காலி இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். சராசரி எடுத்துப் பாருங்கள்: ஆளுக்கு மூன்று வினாடி தாமதம், அவ்வளவுதான். ஆனால் பந்தி தாமதமானது மூன்று வினாடியா, ஐந்து நிமிடமா? அடுத்த பந்தியில் வேறொருவருக்குப் போன். அதற்கடுத்த பந்தியில் இன்னொருவருக்கு. நூறு பேருக்கும் ஒரே நேரத்தில் போன் வந்திருந்தால் ஒரு பந்தியோடு போயிருக்கும். தனித்தனியே வருவதால் ஒவ்வொரு பந்தியும் கெடுகிறது.

கியூவில் நடந்தது இதுவேதான். ஒவ்வொரு நோடிலும் பின்னணியில் சில்லறை நிரல்கள் ஓடிக்கொண்டிருந்தன. தனியாக ஒரு ப்ராசசரில் அளந்தால் அவை தின்னும் நேரம் அற்பம், யாரும் பொருட்படுத்தமாட்டார்கள். ஆயிரக்கணக்கான ப்ராசசர் ஒன்றுக்காக ஒன்று காத்திருக்கும்போது அந்த அற்பம் ஒவ்வொரு சுற்றிலும் யாரோ ஒருவரைப் பிடித்து நிறுத்தியது. மூன்று ப்ராசசர் வித்தையின் மர்மமும் அவிழ்ந்தது: சும்மா இருந்த நான்காவது ப்ராசசர் அந்தச் சில்லறை வேலைகளைத் தன் தலையில் வாங்கிக்கொண்டது.

சராசரியைக் கைவிட்டு நோடு நோடாகப் பிரித்துப் பார்த்தபோது இன்னொன்றும் வெளிப்பட்டது. அந்த மெஷினை 32 நோடுக்கு ஒரு குழு என்று பிரித்திருந்தார்கள். ஒவ்வொரு குழுவிலும் அதே இடத்து நோடுகள்தான் மற்றவற்றைவிட அதிகம் தடுமாறின. குழுவின் நிர்வாக வேலைகளைப் பார்த்த பூஜ்யமாவது நோடு அவற்றில் ஒன்று. இன்னொன்று 31ஆவது நோடு. அந்த நோடின் கூடுதல் வேலை என்ன தெரியுமா? கண்காணிப்பு! மற்ற நோடுகள் நன்றாக ஓடுகின்றனவா என்று கணக்கெடுப்பது!

சிரிக்கிறீர்கள். அவர்களும் சிரித்திருப்பார்கள். பிறகு என்ன செய்தார்கள்? புது மெஷின் வாங்கவில்லை. தேவையற்ற பின்னணி நிரல்கள் சுமார் பத்தை எல்லா நோடுகளிலிருந்தும் அகற்றினார்கள். அவற்றில் பிரிண்டருக்கு வேலை அனுப்பும் நிரலும் ஒன்று. அணு ஆயுதக் கணக்குப் போடுகிற மெஷினில் அதற்கு என்ன ஜோலி என்று யாரும் அதுவரை கேட்கவில்லை. 30 வினாடிக்கு ஒரு முறை எடுத்த கண்காணிப்புக் கணக்கை 60 வினாடிக்கு ஒரு முறை ஆக்கினார்கள். தவிர்க்க முடியாத நிர்வாக வேலைகளை ஒவ்வொரு குழுவிலும் ஒரே நோடில் குவித்து, தொல்லை தந்த நோடுகளைக் கணக்கு வேலையிலிருந்து விலக்கினார்கள். சேஜ் இரண்டு மடங்கு வேகம் பெற்றது. காணாமல் போன பாதி திரும்பக் கிடைத்தது. 2003இல் இதை ஒரு கட்டுரையாக வெளியிட்டபோது, காணாமல் போன செயல்திறனின் வழக்கு என்று துப்பறியும் கதைபோலவே தலைப்பு வைத்தார்கள்.

அது அணு ஆய்வகம், நமக்கென்ன என்று கேட்பீர்கள். டிக்கெட் பதிவு செய்யும் தளமும், வங்கியின் செயலியும், தேடுபொறியும் இதே வியாதியால் அவதிப்படுகின்றன. கூகுளின் ஜெஃப் டீன், லூயிஸ் பரோசோ இருவரும் 2013இல் எழுதிய கட்டுரையில் ஒரு கணக்குக் காட்டினார்கள். உங்கள் சர்வர் பொதுவாகப் பத்து மில்லிசெகண்டில் பதில் சொல்லும். நூறில் ஒரு முறை மட்டும் ஒரு வினாடி எடுக்கும். நூறில் ஒன்றுதானே என்று விட்டுவிடலாமா? ஒரு பயனரின் கேள்விக்கு இப்படிப்பட்ட நூறு சர்வரைக் கேட்டு, எல்லாப் பதிலும் வந்தபின்தான் விடை தர முடியும் என்றால், நூறு பயனரில் 63 பேர் ஒரு வினாடிக்கு மேல் காத்திருப்பார்கள். ஒவ்வொரு சர்வரின் அறிக்கையிலும் 99 சதவீதம் நலம் என்று இருக்கும். வாசலில் நிற்கும் கூட்டத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேர் முணுமுணுத்துக்கொண்டிருப்பார்கள். யார் சொல்வது உண்மை? அறிக்கையா, வாசலா?

ஆகவேதான் விவரமறிந்த அட்மின்கள் சராசரியை விட்டு 99ஆவது பெர்சென்டைலை, அதாவது நூறில் 99 பதில்கள் எவ்வளவு நேரத்துக்குள் வந்தன என்பதை, பார்க்கிறார்கள். நல்லது. ஆனால் அதிலும் ஒரு குழி இருக்கிறது. ஒரு நோடு ஆயிரம் கேள்விக்குப் பதில் சொல்லியது. அதன் 99ஆவது பெர்சென்டைல் பத்து மில்லிசெகண்ட். இன்னொன்று பத்தே கேள்விக்குப் பதில் சொல்லியது. அதன் எண் இரண்டு வினாடி. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து, கிளஸ்டரின் எண் ஒரு வினாடி என்று கிராஃப் வரைகிறார்கள். அந்த ஒரு வினாடி யாருடையது? எந்தப் பயனரும் அதை அனுபவிக்கவில்லை. பெர்சென்டைல்களைச் சராசரி எடுக்கக் கூடாது. ஒவ்வொரு நோடும் எத்தனை பதில் எத்தனை நேரத்தில் தந்தது என்ற எண்ணிக்கையை முதலில் ஒன்றாகக் கூட்ட வேண்டும். பெர்சென்டைலை அதன் பிறகு எடுக்க வேண்டும். இதைத் தவறாகச் செய்யும் டாஷ்போர்டுகள் உலகெங்கும் ஏராளம்.

சராசரியின் இன்னொரு குறும்பைச் சொல்கிறேன். பத்து நோடில் ஒன்று மூச்சுத் திணறுகிறது. சராசரி கொஞ்சம் ஏறுகிறது. பிறகு அந்த நோடு ஒரேயடியாக விழுந்துவிடுகிறது. அது எண் அனுப்புவதை நிறுத்துகிறது. சராசரி என்ன ஆகும்? இறங்கும்! மெஷின் செத்த அந்த நிமிடத்தில் கிராஃப் அழகாகிறது. அதனால்தான் எத்தனை நோடு பேசுகிறது என்ற எண்ணிக்கையும் ஒரு புள்ளிவிவரம். 2012இல் பெர்லினில், சவுண்ட்கிளவுட் நிறுவனத்தில் தொடங்கிய ப்ரோமிதியஸ் என்ற கண்காணிப்புக் கருவி இதில் புத்திசாலி. நோடு தானாக வந்து சொல்லட்டும் என்று உட்கார்ந்திருக்காமல், தானே ஒவ்வொன்றிடமும் போய்க் கேட்கும்; பதில் வராவிட்டால் அதையும் ஓர் எண்ணாகக் குறித்துக்கொள்ளும்.

இப்போது வேறு வகைக் கிளஸ்டருக்கு வருவோம். கணக்குப் போடுவதற்காக அல்ல, விழுந்துவிடாமல் இருப்பதற்காகக் கட்டும் கிளஸ்டர். இரண்டு சர்வர், ஒன்று விழுந்தால் மற்றது தாங்கும். நம் ஊரில் பெரும்பாலான அலுவலகங்களில் இருப்பது இதுதான். அட்மின் மேலதிகாரியிடம் போய், "சார், ரெண்டு நோடுலயும் சிபியு 60 சதவீதம்தான் சார், இன்னும் 40 பாக்கி இருக்கு" என்கிறார். மேலதிகாரிக்கு மகிழ்ச்சி. நண்பர்களே, பாக்கி இருப்பது 40 அல்ல. அங்கே ஏற்கெனவே 20 கடன். ஒன்று விழுந்த நொடியில் மற்றதன் தலையில் 120 ஏறும். எதற்காக இரண்டு சர்வர் வாங்கினோமோ அந்தக் காரியமே போயிற்று. இரண்டு நோடு கிளஸ்டரில் பார்க்க வேண்டிய எண் தனித்தனி நோடின் சுமை அல்ல, இரண்டின் கூட்டுத்தொகை. அது நூறைத் தொடவே கூடாது.

நூறுக்குக் கொஞ்சம் கீழே இருந்தால் போதுமா? அதுவும் போதாது. வரிசையில் நிற்பதற்கென்று ஒரு கணிதம் இருக்கிறது. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த எர்லாங் 1909இலேயே அதற்கு அடிக்கல் நாட்டிவிட்டார். அதன் மிக எளிய மாதிரி சொல்வது இது: சர்வர் 50 சதவீதம் நிரம்பியிருந்தால் ஒரு வேலை முடிய இரண்டு மடங்கு நேரம். 80 சதவீதத்தில் ஐந்து மடங்கு. 90இல் பத்து மடங்கு. 95இல் இருபது மடங்கு. 90க்கும் 95க்கும் வித்தியாசம் ஐந்துதானே என்று நினைப்பவர் பயனரின் காத்திருப்பை இரட்டிப்பாக்குகிறார்.

இந்த வகைக் கிளஸ்டரில் இன்னொரு சிக்கல். டேட்டாபேஸ் நேற்று வரை முதல் நோடில் ஓடியது; நள்ளிரவில் இரண்டாவது நோடுக்குத் தாவிவிட்டது. காலையில் கிராஃபைப் பார்த்தால் முதல் நோடு திடீரென்று ஓய்வு பெற்றுவிட்டது, இரண்டாவது நோடு திடீரென்று வியர்க்கிறது. டேட்டாபேஸின் கதை எங்கே? பாதி இங்கே, பாதி அங்கே. எஸ்க்யூஎல் சர்வர் போன்றவற்றில், இடம் மாறும்போது நிரல் புதிதாகக் கிளம்புவதால், அதுவரை சேர்த்து வைத்திருந்த காத்திருப்புக் கணக்கெல்லாம் பூஜ்யமாகிவிடும். எந்த இரவைப் பற்றித் தெரிய வேண்டுமோ அந்த இரவின் எண்கள்தான் போய்விடும். ஆகையால் கணக்கை மெஷின் பெயரில் மட்டும் எழுதாதீர்கள். சேவையின் பெயரிலும் எழுதுங்கள். அதையும் கிளஸ்டருக்கு வெளியே இருக்கும் வேறொரு மெஷினில் சேமியுங்கள்.

எண்கள் பிறக்கும் இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1995இல் இங்கிலாந்தில், லெஸ்டர் நகரத்து டி மாண்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் டோபியாஸ் ஓட்டிகர், எம்ஆர்டிஜி என்ற கருவியை வெளியிட்டார். அவர் வேலை பார்த்த இடத்தின் முழு இணைய இணைப்பும் 64 கிலோபிட் வேகத்தில் இருந்த காலம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை ரவுட்டரின் எண்ணியைப் படித்துக் கோடு வரையும். 32 பிட் எண்ணி அது. நிரம்பினால் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். 64 கிலோபிட்டில் அது நிரம்ப ஆறு நாளுக்கு மேல் ஆகும். கவலையே இல்லை. அதே எண்ணியை ஒரு கிகாபிட் இணைப்பில் வையுங்கள்: முழு வேகத்தில் 34 வினாடியில் நிரம்பிவிடும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை படிப்பவர், இடையில் அது எத்தனை முறை சுற்றியது என்று அறியாமலே ஒரு கோடு வரைவார். கோடு அழகாக இருக்கும், பொய்யாகவும் இருக்கும். 64 பிட் எண்ணிகள் எப்போதோ வந்துவிட்டன. பழைய அமைப்பை அப்படியே நகலெடுத்து ஓட்டுகிறவர்கள் அதைச் சரிபார்ப்பதுதான் இல்லை.

தவறாகப் படிக்கப்படும் இன்னோர் எண், லினக்ஸ் காட்டும் லோடு ஆவரேஜ். அது சிபியுவுக்குக் காத்திருப்பவர்களை மட்டும் எண்ணுவதில்லை. 1993இல் செய்த ஒரு மாற்றத்திலிருந்து, டிஸ்குக்காக அசையாமல் காத்திருப்பவர்களையும் சேர்த்தே எண்ணுகிறது. எல்லா நோடுகளும் கோப்புகளுக்காக ஒரே என்எஃப்எஸ் சர்வரை நம்பியிருக்கும் கிளஸ்டரில் அந்தச் சர்வர் மட்டும் தொங்கினால், எல்லா நோடுகளிலும் லோடு நூறு, இருநூறு என்று ஏறும். சிபியுவோ சும்மா இருக்கும். புதியவர்கள் பதறிப்போய் நோடுகளை ஒவ்வொன்றாக ரீஸ்டார்ட் செய்வார்கள். நோய் அங்கே இல்லை. விஎம்ஸ்டாட் கட்டளையின் முதல் வரி இந்த நொடியின் கணக்கு அல்ல, மெஷின் கிளம்பியதிலிருந்து இன்று வரைக்குமான சராசரி என்பதையும் போகிற போக்கில் சொல்லி வைக்கிறேன். அந்த முதல் வரியை மட்டும் பார்த்து முடிவெடுப்பவர்கள் இந்த அரங்கில் யாரும் இல்லை என்று நம்புகிறேன்!

அப்படியென்றால் ஒவ்வொரு வினாடியும் ஒவ்வொரு எண்ணையும் எடுத்துக் குவிக்கலாமே என்று இளைஞர்கள் கேட்பார்கள். கியூவின் 31ஆவது நோடை மறக்க வேண்டாம். அளப்பதும் ஒரு வேலை; அதற்கும் சிபியு வேண்டும், நெட்வொர்க் வேண்டும். பெர்க்லியில் உருவான காங்லியா என்ற கருவி இதை உணர்ந்திருந்தது. எண் குறிப்பிட்ட அளவுக்கு மேல் மாறினால்தான் உடனே அனுப்பும், இல்லையேல் எப்போதாவது ஒரு முறை. யாரும் திறந்துகூடப் பார்க்காத கிராஃபுக்காக ஆயிரம் நோடுகளைத் தொந்தரவு செய்வது எனக்குச் சம்மதமில்லை. கடந்த ஒரு வருடத்தில் எந்த முடிவுக்கும் உதவாத அளவையை நிறுத்திவிடுங்கள், யாரும் தேடமாட்டார்கள்.

இங்கிருந்து போனபின் நீங்கள் செய்வதற்கு ஒரு வேலை தருகிறேன். கியூவில் அந்த மூவரும் நோடு நோடாகப் பிரித்துப் பார்த்த சோதனையின் வகைதான். சரியாகப் பத்து நிமிடம் ஆகும் என்று உங்களுக்குத் தெரிந்த ஒரே அளவுக் கணக்கு வேலையை, பயன்பாடு குறைந்த ஒரு நேரத்தில், கிளஸ்டரின் எல்லா நோடுகளிலும் ஒரே சமயத்தில் ஓட்டுங்கள். நோடு வாரியாக எத்தனை நேரம் ஆனது என்று வரிசைப்படுத்துங்கள். சராசரி எடுக்காதீர்கள். அடுத்த வாரம் அதே நாளில் மறுபடி ஓட்டுங்கள். இரண்டு பட்டியலிலும் ஒரே நோடு அடியில் நின்றால், அதில் என்னென்ன பின்னணி நிரல் ஓடுகிறது என்று பார்த்துவிட்டு, எதை நிறுத்தினீர்கள் என்பதை எனக்கு எழுதுங்கள்.